பத்தொன்பதாம் தேதிக்கு வாசகம் இல்லை

அச்சகத்தில் அவனுக்குக் கமா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை விட்டு அது வெளியே வந்ததில்லை. பிழை திருத்துவது அவன் வேலை. ஒருமுறை ஓர் அழைப்பிதழில் விட்டுப்போன ஒரே ஒரு கமாவுக்காக, ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தச் சொல்லி மிஷின்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. பேச்சிலும் அவனிடம் ஒரு கமா உண்டு. எதைக் கேட்டாலும் "வந்து…" என்றுதான் ஆரம்பிப்பான். சாப்பிட்டியா என்றால், வந்து, சாப்பிட்டேன். மணி என்ன என்றால், வந்து, நாலு. சில சமயம் அந்த 'வந்து'வுக்குப் பின்னால் ஒன்றுமே வராது. கேட்டவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்படி வாயைத் திறந்தால் தடுமாறுகிற ஒருவன்தான் ஊரில் பாதி வீடுகளின் சுவரில் தொங்கிக்கொண்டு தினமும் ஒரு புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தான் என்பது முதலாளியையும் மிஷின்காரரையும் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த அச்சகத்துக்குச் சோறு போடுவது தினசரி காலண்டர். நாளுக்கு ஒரு தாள். மேலே கிழமை, நடுவில் பூசணிக்காய்ப் பருமனுக்குத் தேதி, அடியில் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் இரண்டு வரியில் ஒரு வாசகம். அட்டையில் 'பெரியோர் பொன்மொழிகளுடன்' என்று போட்டிருக்கும். ஆரம்பத்தில் உண்மையிலேயே பெரியோர்களிடமிருந்துதான் எடுத்தார்கள். சில வருடங்களில் பெரியோர் தீர்ந்துபோனார்கள். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் முதலாளி வந்து கமாவின் மேசையில் நீளமான நோட்டு ஒன்றை வைத்தார்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சு வேணும். நீயே எழுதிடு."

"வந்து… நான் பெரியவன் இல்லையே, சார்."

"பேர் போட்டாத்தான்யா பெரியவனா சின்னவனான்னு பாப்பாங்க. பேர் இல்லேன்னா எல்லாரும் பெரியவங்கதான்."

தான் எழுதிய எதையும்விட இதுதான் நல்ல வாசகம் என்று கமாவுக்குப் பின்னாளில் பலமுறை தோன்றியிருக்கிறது. ஆனால் அதை அச்சில் போட முடியாது.

வருடத்தின் நடுவில், வேலை மந்தமாக இருக்கும் ஒரு மாதத்தில் அவன் எழுதுவான். நாளைக்குப் பன்னிரண்டு. அதற்காக அவன் எதையும் படிக்கவில்லை, தாடி வளர்க்கவில்லை, தனியாகப் போய் உட்காரவுமில்லை. கண்ணில் பட்டதை எழுதினான். பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிப் போன அன்று, 'நம்பிக்கை என்பது பூட்டைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்காதது' என்று எழுதினான். மிஷின்காரர் மத்தியானத் தூக்கம் போட்ட அன்று, 'குறட்டை என்பது அடுத்தவர் விடுவது.' சர்க்கரை தீர்ந்துபோன அன்று, 'கடவுளிடம் கேட்பதை ஒருமுறை பக்கத்து வீட்டிலும் கேட்டுப் பார்.' அச்சக அடுப்பில் டீ பொங்கி வழிந்த அன்று, 'அழுவதென்றால் அடுப்பை அணைத்துவிட்டு அழு.'

இந்தக் கடைசி வாசகத்தை அவன் விளையாட்டாகத்தான் எழுதினான். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. பிறகு மறந்தும் போனான்.

அவனுடைய அக்கா மறக்கவில்லை.

அக்கா அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். கீழ் வீட்டில் அவள், மாடியில் அவன். வாசல் அறையிலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுப்பது அவள் தொழில். கால் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பெருத்துவிட்டவர்களுக்குப் பிரித்து விடுவது. "நீ எழுத்துல பிழை பாக்கற, நான் உடம்புல பிழை பாக்கறேன்," என்பாள். தினமும் காலையில் மிஷினில் உட்காருவதற்கு முன்னால் காலண்டரில் நேற்றைக் கிழிப்பாள். இன்றைய வாசகத்தைத் தனக்கு வந்த கடிதம் போல ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். கிழித்த தாளின் பின்பக்கத்தில் அளவு எழுதி, துணியோடு சேர்த்து ஊசி குத்தி வைப்பாள். ஆனால் எல்லாத் தாளும் துணிக்குப் போகாது. மனசில் தைத்தவை மட்டும் மடிக்கப்பட்டு, பொத்தான் போடும் தகர டப்பாவுக்குப் போகும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மாமா திடீரென்று போய்விட்டார். அக்கா ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை, பேசவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. எட்டாவது நாள் காலை, யாருக்காகவோ பால் காய்ச்ச வைத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் காலண்டரைக் கிழித்தாள். அடியில் இருந்ததைப் படித்தாள். நேரே போய் அடுப்பை அணைத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாடிவரை கேட்கிற மாதிரி அழுதாள். மத்தியானம் எழுந்து மிஷினுக்கு எண்ணெய் போட்டாள்.

"யாரோ ஒரு புண்ணியவான், என் வீட்டு அடுப்பு எரியறதப் பாத்து எழுதியிருக்காருடா," என்றாள் அன்று.

கமா "வந்து…" என்றான். அதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சொல்லாதது அப்படியே நின்றுபோயிற்று. ஒவ்வொரு வருடமும் அந்த டப்பா கனக்கக் கனக்க, சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

போன வருடம் எழுதுகிற மாதத்தில் அவனுக்குச் சளி பிடித்தது. ஒரு நாள், மார்ச் பதினெட்டாம் தேதிக்கான வாசகம் வரை எழுதியாயிற்று. மூக்கு ஒழுகி நோட்டில் சொட்டியது. பத்தொன்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான். மறுநாள் வந்தவன், எந்த இடத்தில் விட்டோம் என்று பார்க்காமல் இருபதிலிருந்து தொடங்கினான். புரூஃப் வந்தபோது அதைப் பார்த்தவனும் அவன்தான். முந்நூற்று அறுபத்து நான்கு வாசகத்திலும் ஒற்று, கால், கொம்பு எல்லாம் பார்த்தான். பத்தொன்பதாம் தேதியின் கட்டம் சுத்தமாக இருந்தது. எழுத்தே இல்லாத இடத்தில் எழுத்துப்பிழை எப்படி இருக்கும். சரி என்று டிக் போட்டு அனுப்பினான்.

புதுக் காலண்டர் வாங்கியதும் மனிதர்கள் முதலில் தேடுவது தங்கள் பிறந்த நாளை. ஜனவரி முதல் வாரமே அச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது. பத்தொன்பதாம் தேதி பிறந்த ஒருவர், அன்றைக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று அர்த்தமா என்று ஆசையோடு கேட்டார். அதே தேதியில் கல்யாணம் வைத்திருந்த பெண் ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்குள் ஏதாவது எழுதி அனுப்பும்படி கெஞ்சினாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இது சோம்பேறித்தனம் என்று சரியாகச் சொன்னார். அவர் ஒருவர் சொன்னதை மட்டும் யாரும் நம்பவில்லை.

முதலாளி கமாவை அறைக்குள் கூப்பிட்டார். "என்னய்யா இது? நான் என்ன பதில் சொல்றது?"

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவன் வாயிலிருந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, யோசிக்காமல் ஒரு வாக்கியம் வந்தது. "வந்து… அன்னிக்குப் பெரியவங்க மௌனம்னு சொல்லிடலாமா, சார்?"

முதலாளி தொலைபேசி எடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, இனி யார் கேட்டாலும் அப்படியே சொல்லும்படி உத்தரவு போட்டார். அவளும் ஒவ்வொரு அழைப்புக்கும் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்குப் பெரியவங்க மௌனம்," என்று சொல்லத் தொடங்கினாள். கேட்டவர்கள் எதிர்முனையில் தாங்களும் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, நன்றி சொல்லி வைத்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் அக்காவுக்கு முதுகு வலித்தது. மிஷினில் குனிந்து குனிந்து வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். வலி வயிற்றுக்கு இறங்கியதும் கமா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"வயித்துல போற பெரிய ரத்தக் குழாய் இது. இந்த இடத்துல பலூன் மாதிரி வீங்கியிருக்கு பாருங்க. இப்படியே விட்டா ஒரு நாள் வெடிச்சிடும். வெடிச்சா ஆம்புலன்ஸ் வர்ற நேரம் கூடக் கிடைக்காது."

"எப்ப வெடிக்கும்?" என்றாள் அக்கா, ஒரு சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்கிற குரலில்.

"இன்னிக்கும் ஆகலாம், மூணு மாசம் கழிச்சும் ஆகலாம். இத வெட்டித் தைக்கற பெரிய டாக்டர் இங்க மாசத்துல ஒரு நாள்தான் வருவார். மூணாவது வியாழக்கிழமை. இந்தத் தடவை விடாதீங்க. அடுத்த மாசம் வரைக்கும் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார். கமா அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வெட்டித் தைப்பது என்ற வார்த்தையில் அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்ததை அவன் கவனித்தான். "தையல்னா சரி. நல்லாத் தைக்கறவரான்னு மட்டும் விசாரி," என்றாள் வழியில்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே காலண்டரிடம் போனாள். முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அது ஒட்டிய கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பது போல என்பாள். அன்று பார்த்தாள். தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். கமா சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். அதில் எழுதியிருந்த எண்ணை அப்போதுதான் அவன் உண்மையில் படித்தான். மார்ச் பத்தொன்பது.

அக்கா தாள்களை மெதுவாகக் கீழே விட்டாள்.

"அன்னிக்கு நான் வரல."

"வந்து… அக்கா, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேல்ல?"

"கேட்டேன். இவரு என்ன சொல்றாருன்னும் பாத்தேன். சொல்றதுக்கு ஒண்ணுமில்லங்கறாரு. இத்தன வருஷத்துல ஒரு நாள் கூட அவர் என்னச் சும்மா அனுப்பினதில்ல. சரியா அந்தத் தேதிக்குக் கட்டம் காலியா இருக்குன்னா என்ன அர்த்தம்? அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல ஒண்ணும் தேவையில்லன்னு அர்த்தம்."

"அது அச்சுல விட்டுப்போயிருக்கும், அக்கா. பிழை."

"பிழை பாக்கறவன் நீதானே. உன் கண்ணுக்குத் தப்பிப் பிழை போகுமா?"

அடுத்த நாள் சாயங்காலம் அவன் இறங்கி வந்தபோது அவள் ஒரு பேண்டின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்.

"உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். பிழையெல்லாம் இல்லையாம். அன்னிக்குப் பெரியவங்க மௌனமாம். அந்தப் பொண்ணு சொல்றப்ப அதுக்கே தொண்ட அடைச்சுது. நீ ஏன்டா எங்கிட்ட மறைக்கற?"

கமா மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். தான் வீசிய கல் ஊரெல்லாம் சுற்றித் தன் தலையிலேயே வந்து விழுந்திருந்தது. மார்ச் பதினொன்றாம் தேதி வரை எதை எதையோ சொல்லிப் பார்த்தான். டாக்டரம்மாவைக் கொண்டு பேச வைத்தான். அவர் பேசிவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க கையெழுத்துப் போடணும். நீங்க போட முடியாது, நானும் போட முடியாது. விருப்பமில்லாதவங்கள மேசைல படுக்க வைக்கச் சட்டம் இல்ல," என்றார்.

அன்று மத்தியானம் அவன் அச்சகத்திலிருந்து பதினாறு நோட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தான். அக்காவின் மிஷின் மேசையில் அடுக்கினான்.

"வந்து… இதெல்லாம் எழுதறது நான்தான், அக்கா."

"எதெல்லாம்?"

"வாசகம். எல்லாமே."

அக்கா சிரித்தாள். "கடைக்கு அனுப்பினா நாலு சாமான்ல ரெண்ட மறந்துட்டு வருவ. நீ பெரியவங்களாடா?"

அவன் ஒரு நோட்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான். அவள் படித்தாள். அடித்து எழுதிய இடங்கள், ஓரத்தில் கிறுக்கிய பூனை, டீ கிளாஸ் வைத்த வட்டம், எல்லாவற்றையும் பார்த்தாள். தம்பியின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். பிறகு போன வருடத்து நோட்டைக் கேட்டு வாங்கினாள். பதினெட்டு இருந்தது. இருபது இருந்தது. நடுவில், காய்ந்து போன ஒரு சின்னக் கறை.

"இது என்ன?"

"மூக்கு ஒழுகிச்சு. சளி. அதான் அன்னிக்கு எழுதல. வேற ஒண்ணுமே இல்ல, அக்கா. சத்தியமா மூக்குதான்."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். அக்கா எழுந்துபோய்ப் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்தாள். திறந்து, அடியிலிருந்து மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள்.

"இது?"

அவன் பார்த்தான். "வந்து… டீ பொங்கிச்சு."

"டீ."

"ஆமா."

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டு, துணி ஆயிற்றா என்று கேட்டார். அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் மறுபடி கேட்டுவிட்டுப் போனார்.

"அப்ப நான் எதப் பிடிச்சுக்கிட்டுடா எழுந்தேன்?" என்றாள்.

அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள் அத்தனையும் மேசைமேல் பதினாறு நோட்டுகளில் இருந்தன. அதில் ஒன்றும் இதற்குப் பதில் இல்லை. நேற்று வரை அவளுக்கு ஒரே ஒரு நாளைக் கண்டுதான் பயம். இப்போது எல்லா நாளும் காலியாகிவிட்டது. பிழையைத் திருத்தப் போய், பக்கத்தையே அழித்துவிட்டான்.

அன்றிலிருந்து அவள் காலண்டரைக் கிழிக்கவில்லை. பதின்மூன்றாம் தேதி அவன் இறங்கி வந்தபோது சுவரில் பதினொன்று. பதினைந்தாம் தேதியும் பதினொன்று. துணிகளில் அளவுத் தாள் இல்லாமல் எது யாருடையது என்று குழம்பி, ஒருவருடைய கால்சட்டையை இன்னொருவருக்கு வெட்டிவிட்டாள். அதைப் பற்றிக்கூட அலட்டிக்கொள்ளவில்லை. அவனோடு சண்டையும் போடவில்லை. டீ போட்டால் அவனுக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். அவள் குனியும்போதெல்லாம், இருமும்போதெல்லாம், கனமான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம், அவள் வயிற்றுக்குள் மெல்லிய தோலோடு உப்பிக்கொண்டிருந்த அந்தப் பலூனை மட்டும் அவன் பார்த்தான். பெட்டியை வாங்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள்.

அச்சகத்தில் முதலாளி நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அந்தக் காலித் தாள் பத்தித்தான்யா எல்லாரும் பேசறாங்க. அடுத்த வருஷம் மாசத்துக்கு ஒண்ணு காலியா விட்டுடு. பன்னெண்டு மௌனம். உனக்கும் வேலை மிச்சம்."

பதினேழாம் தேதி அக்கா அவனைக் கூப்பிட்டாள்.

"நீதானே எழுதற?"

"வந்து… ஆமா."

"அப்ப எழுது. நாளன்னிக்கு. பத்தொன்பதாம் தேதிக்கு. யாருக்கோ எழுதாத, எனக்கு எழுது. படிச்சுப் பாத்துட்டுப் போறதா வேணாமான்னு சொல்றேன்."

மறுநாள் முழுக்க அவன் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு வெள்ளைத் தாள். இரண்டு வரி. பதினாறு வருடமாக நாளைக்குப் பன்னிரண்டு எழுதியவன். 'பயப்படாதே' என்று எழுதினான். அவனே நடுங்கிக்கொண்டிருந்தான், அடித்தான். 'எல்லாம் நல்லபடி முடியும்' என்று எழுதினான். அது அவனுக்கு எப்படித் தெரியும்? அடித்தான். 'போனால் பிழைக்கலாம், போகாவிட்டால்' என்று தொடங்கி, முடிக்கத் தைரியமில்லாமல் அடித்தான். 'எனக்கு உன்னை விட்டால்' என்று ஒன்று. அதை அடித்தது மட்டுமில்லாமல் கிழித்தும் போட்டான். தெரியாதவர்களுக்கு எதையும் சொல்லிவிடலாம். அவர்கள் நம்பினால் அது அவர்கள் பாடு. தெரிந்த ஒருத்திக்கு எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் திரும்பி, உனக்கு நிச்சயமா என்று கேட்டது.

மிஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன கமா, ஒரு வரிக்கு இந்தப் பாடு? எப்பவும் போல எதையாவது எழுதேன்."

"எப்பவும் போலத்தாண்ணே வரமாட்டேங்குது."

"வராதுதான். நீ இப்ப நம்பற மாதிரி எழுதப் பாக்கற. இவ்வளவு நாள் அந்தத் தொல்லை இல்ல உனக்கு."

வெயில் இறங்கும் நேரத்தில் அவன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். அக்கா ஒரு நீலப் பேண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் பென்சில் செருகியிருந்தது.

"எழுதினியா?"

"வந்து…"

"ம்."

"வந்து…"

அவள் காத்திருந்தாள். அவன் நின்றான். சட்டைப் பையில் கையை விட்டான், எடுத்தான். உதடு அசைந்தது. அவனுடைய நாற்பத்துநான்கு வயதும் அந்த ஒரு சொல்லின் முன்னால் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"வந்து, அக்கா… வந்து…"

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தான். ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வலிக்காமல் இருக்க வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

"பால்வாடி டீச்சர் பேர் கேட்டப்பவும் இதேதான்டா சொன்ன. உன் பேரே 'வந்து'ன்னு எழுதிக்கிட்டாங்க. நான் போய்த் திருத்தினேன்."

எழுந்து காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். பதினொன்றிலிருந்து பதினெட்டு வரை ஒரே பிடியாகக் கிழித்தாள். பத்தொன்பது வந்தது. பூசணிக்காய்த் தேதி, காலிக் கட்டம். அதையும் கிழித்து மிஷின் மேசைமேல் வைத்து, காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். அந்தக் கட்டத்துக்குள், அளவு எழுதுகிற கையெழுத்தில், ஒரே ஒரு சொல் எழுதினாள்.

வந்து.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்: நீலப் பேண்ட். கால் ஒன்றரை இஞ்ச் குறைக்கணும். பிறகு அதைப் பேண்டோடு சேர்த்து ஊசி குத்தி, மடித்து, அலமாரியில் முதல் தட்டில் வைத்தாள்.

"பேண்டுக்காரர் கேட்டா என்ன சொல்லுவ?"

அவன் விழித்தான்.

"அக்கா வந்துதான்னு சொல்லு. ஆஸ்பத்திரிலேருந்து வந்துதான் தைப்பா."

"அப்ப… நம்பறியா?"

"எத?" என்றாள் அவள். "நம்பிக்கையெல்லாம் இல்லடா. அதான் நீ நோட்டோட கொண்டாந்து கொட்டிட்டியே. பேண்ட் இருக்கு. அவ்வளவுதான். காலைல எத்தன மணிக்குப் போகணும்?"

ஆஸ்பத்திரியில் அவள் கையெழுத்துப் போட்டாள். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, அதன் கழுத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். கையைப் பிடிக்கலாமா என்று கமா யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. அவன் பக்கத்திலேயே ஓடினான். ஆபரேஷன் அறையின் வாசலில் நர்ஸ் அவனை நிறுத்தினார். அக்கா தலையை மட்டும் திருப்பினாள். அவள் கண்ணில் இருந்தது பயம்தான். அதை அவள் மறைக்கவுமில்லை.

"மேல உன் அடுப்ப அணைச்சிட்டுத்தானே வந்த?" என்றாள்.

"வந்து… அணைச்சிட்டேன்."

கதவு மூடிக்கொண்டது. மூடிய பிறகுதான், அணைத்தோமா இல்லையா என்று அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை என்பது தெரிந்தது. திரும்பிப் போய்ப் பார்க்கவும் முடியாது.

நடையில் ஒரு நீள பெஞ்சு. ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரி டிரைவராம், அவருடைய மனைவியும் உள்ளேதான் என்றார். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அவனுடைய அச்சகத்துக் காலண்டர். யாரோ கடமை தவறாமல் காலையிலேயே கிழித்திருந்தார்கள். பெரிய பத்தொன்பது, கீழே ஒன்றுமில்லாத கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் இருக்க, அந்தப் பெஞ்சில் எங்கே உட்கார்ந்தாலும் வழியில்லை.

மணி பத்தானது. பத்தரையானது. உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. வெளியே வந்தவர்கள் எதுவும் சொல்லவில்லை.

"அதப் பாத்தீங்களா?" என்றார் டிரைவர், முகவாயால் காட்டி. "வருஷம் பூரா எழுதறவங்க, இன்னிக்குப் பாத்து ஒண்ணும் எழுதல. எங்க முதலாளி போன் பண்ணிக் கேட்டாராம். மௌனம்னாங்களாம்."

கமா தலையாட்டினான்.

"நான் காலைலேருந்து அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன்." அவர் கைகளை முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். பெரிய கைகள், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போனவை. "நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. சொல்லுங்க. அது நல்ல மௌனமா, கெட்ட மௌனமா?"

கமா கட்டத்தைப் பார்த்தான். மூடிய கதவைப் பார்த்தான். பக்கத்தில் அந்த மனிதர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தான். தாகத்தில் குழாயடியில் ஏந்திய கை மாதிரி இருந்தது அந்தப் பார்வை. சளி, மூக்கு, நோட்டுக் கறை, எல்லாம் அவன் தொண்டைவரை வந்து நின்றன.

"வந்து…" என்றான்.

டிரைவர் காத்திருந்தார்.